திறந்த கார் வாங்கலாமா?

சென்ற பொங்கல் விழாவில், கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நம் சங்கத்தின் இளைய உறுப்பினர் ஒருவர் அருகில் வந்தார். “சார், நீங்கள் ஒரு காலத்தில் கூரையில்லாத வண்டி வைத்திருந்தீர்களாமே? எனக்கும் ஒன்று கைமாற்றாக விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?” என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை ‘வாங்குங்கள்’ என்பதா, ‘வேண்டாம்’ என்பதா என்று எனக்கே நிச்சயமில்லை. “யோசித்து எழுதித் தருகிறேன், தம்பி” என்றேன். பக்கத்தில் நின்ற நம் ஆசிரியர், “எழுதுவதை என்னிடம் கொடுத்துவிடுங்கள்” என்று முந்திக்கொண்டார். அதன் விளைவு இது.

2004 முதல் 2018 வரை பதினான்கு ஆண்டுகள் இந்தத் தில்லியில் துணிக் கூரை போட்ட ஜீப் மாதிரி வண்டி ஒன்றை ஓட்டினேன். எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் குறைகளில் பாதி இந்த ஊர் வெயிலுடையது. மீதிப் பாதி என்னுடையது.

ஆதியில் எல்லாமே திறந்த கார்தான்

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்குக் கூரை கிடையாது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் பெரும்பாலான கார்கள் திறந்தவையே. நாற்புறமும் மூடிய காரைக் கைவேலையாகச் செய்யவேண்டியிருந்ததால், அது பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1922இல் அமெரிக்காவில் ஹட்சன் கம்பெனி தன் எஸ்ஸெக்ஸ் காரை மூடிய வடிவில் மலிவாகக் கொடுத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் விற்ற கார்களில் பெரும்பாலானவை மூடிய கார்களாகிவிட்டன. அதாவது, திறந்த காரில் பல்லாண்டு போய்ப் பார்த்த ஜனங்கள், கூரை கட்டுப்படியாகும் விலையில் கிடைத்த உடனே கூரைக்கு மாறிவிட்டார்கள். அன்று முதல் திறந்த கார் என்பது அவசியமல்ல, ஆசை.

நம் நாட்டிலும் இந்த ஆசைக்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா இங்கே கொண்டுவந்து பூட்டி விற்றது. 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது; ராணுவமும் போலீஸும் அதை ஏராளமாக வாங்கின. குடியரசு தின அணிவகுப்பில் படைத் தளபதி திறந்த வண்டியில் நின்று வணக்கம் செலுத்தும் காட்சியை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1998இல் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று இரண்டே பேர் உட்காரும் சிறிய திறந்த கார் ஒன்று தயாரானது. ரெனோ இன்ஜின், ஃபைபர் உடல், பார்க்க லட்சணமான வண்டி. ஆனால் அதிகம் விற்கவில்லை. 2020இல் தார் புது வடிவில் வந்தபோது, மடக்கும் துணிக் கூரையோடும் ஒரு வகை கொடுத்தார்கள். நம் வாலிபர்களுக்கு ஆசை மறுபடி துளிர்த்தது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

என் நோட்டுப் புத்தகம்

நான் கணக்குத் துறையில் இருந்தவன். எதையும் எழுதிவைக்காவிட்டால் தூக்கம் வராது. கூரையைத் திறந்து ஓட்டிய நாட்களை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவந்தேன். பதினான்கு ஆண்டுகளில், ஐயாயிரத்துச் சொச்சம் நாட்களில், மொத்தம் 686 நாள். ஆண்டுக்கு 49. மற்ற நாட்களிலெல்லாம் நான் ஓட்டியது திறந்த கார் அல்ல. மோசமான மூடிய கார்.

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். தில்லியின் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். ஏப்ரல் பாதியிலிருந்து வெயில். மே, ஜூனில் ‘லூ’ என்னும் அனல் காற்று. 45 டிகிரியில் திறந்த வண்டியில் போவது அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு போவதுதான். நடுவில் ‘ஆந்தி’ வந்தால் பல்லில் மண் நறநறக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. என் வண்டியில் கூரையை ஏற்றிப் பொத்தான் போட இருவருக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும்; மழைக்கு இரண்டே நிமிஷம் போதும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச்; பிறகு அக்டோபர், நவம்பர்.

அந்த நவம்பரும் பிற்பாடு போய்விட்டது. 2016இல் புகைமூட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களையே சில நாள் மூடினார்களே, நினைவிருக்கும். என் நோட்டில் முதல் ஏழாண்டுக்கு 410 நாள், அடுத்த ஏழாண்டுக்கு 276. வண்டியும் அதேதான், ஓட்டியவனும் அதே ஆள்தான்; மாறியது காற்று.

இன்னொரு விஷயமும் அனுபவத்தில்தான் தெரிந்தது. திறந்த காரில் காற்று முன்னாலிருந்து வரும் என்று நினைப்போம். உண்மையில் முன்கண்ணாடி காற்றை மேலே தள்ளிவிடுகிறது. அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, காற்று பின்பக்கத்திலிருந்து சுழன்று உள்ளே வருகிறது. அதனால்தான் பின்னல் முகத்தில் வந்து அடிக்கிறது. அதனால்தான் சாலைப் புழுதியும் நம் பிடரியில் வந்து உட்காருகிறது. சிக்னலில் நின்றால் பக்கத்து பஸ்ஸின் புகை முழுவதும் நமக்கே.

கூரை என்பது நிழலுக்கு மட்டுமல்ல

தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், நெளியும். உறைக்குள் செருகிவிட்டு முறுக்குங்கள், அவ்வளவு நெளியாது. காரும் அப்படித்தான். கூரையை வெட்டினால் உடல் தளர்ந்துவிடும். அதை ஈடுகட்ட அடித்தளத்திலும் கதவுக்குக் கீழும் கூடுதல் இரும்பு வைக்கவேண்டும். கூரை போன பிறகும் திறந்த கார் அதன் மூடிய உடன்பிறப்பைவிடக் கனமாக இருப்பது இதனால்தான். ஜீப் வகைக்கு ஏணிபோன்ற சட்டம் கீழே தனியாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வண்டி குப்புறக் கவிழ்ந்தால், எந்த வகையானாலும், தலைக்கு மேலே இருப்பது ஓர் இரும்பு வளைவு மட்டுமே. அந்த வளைவும், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரைத்தான் காப்பாற்றும்.

செலவைச் சொல்லவேண்டுமானால், தில்லி வெயிலில் துணிக் கூரை ஐந்தாறு ஆண்டுக்கு மேல் தாங்கவில்லை. இரண்டு முறை கரோல் பாகில் சீட் கவர் தைக்கும் மிஸ்திரியிடம் புதிதாகத் தைத்துப் போட்டேன். மூன்றாம் முறை செலவு வைத்தவன் ஒரு திருடன். பூட்டை உடைக்கும் சிரமம் அவனுக்கு இல்லை. பிளேடால் கூரையைக் கீறி, ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். “பூட்டு போட்ட கூடாரம்” என்று என் மனைவி அந்த வண்டிக்குப் பெயர் வைத்தது அன்றுதான்.

அம்மாவும் மாமாவும்

இவ்வளவு சொல்லிவிட்டுப் பதினான்கு ஆண்டு ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால், முதல் காரணம் என் அம்மா.

அம்மாவுக்கு மூடிய காரில் ஏறி ஐந்து நிமிஷத்தில் குமட்டல் வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் எங்கும் வருவாள். அதற்காகவே பல கல்யாணங்களைத் தவிர்த்தவள். இந்த வண்டி வந்த பிறகு ஒரு பிப்ரவரி காலையில் முன் இருக்கையில் உட்காரவைத்து, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அழைத்துப்போனேன். குமட்டல் இல்லை. சாலையோர இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்ததை அண்ணாந்து பார்த்து, “இது நம்ம ஊர் இலவமாடா?” என்று கேட்டாள். இருபது ஆண்டுகள் என்னோடு தில்லியில் இருந்தவள் அந்த மரத்தை அன்றுதான் பார்த்தாள். 2011இல் அவள் காலமாகும் வரை, குளிர்ந்த நாட்களில் கோயிலுக்குப் போக அந்த வண்டிதான். நோட்டில் அந்த நாட்களுக்கு எதிரே ஒரு சிறிய ‘அ’ போட்டிருக்கிறேன். அக்டோபர் இரவில் ஏழிலைப்பாலை பூத்து மணக்கும் சாலைகளும் அப்படித்தான். மூடிய காரில் போகிறவருக்கு அந்த வாசம் எட்டாது. இதற்கெல்லாம் என்ன விலை போடுவது?

இரண்டாவது காரியத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. 2009 அக்டோபரில் என் தங்கை குழந்தைகளோடு தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தாள். மாலையில் எல்லோரையும் இந்தியா கேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பதினொரு வயதுப் பையன், “மாமா, நான் நின்னுக்கிட்டு வரட்டுமா?” என்றான். கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொல்லிச் சம்மதித்தேன். அப்போது ராஜபாதை என்று பெயர். 2022 முதல் கர்த்தவ்ய பாதை. வேகம் முப்பதுகூட இல்லை. குறுக்கே ஒரு சைக்கிள். பிரேக் போட்டேன். பையன் முன்பக்கக் கம்பியில் போய் மோதினான். மோவாயில் ஆறு தையல், ஒரு பல் பாதி போயிற்று.

தங்கை என்னை ஒன்றும் சொல்லவில்லை. “விடுங்க அண்ணா, குழந்தைன்னா விழத்தான் செய்யும்” என்றாள். ஆனால் அவன் விழவில்லை, நான்தான் விழவைத்தேன். மூடிய காரில் ஒரு குழந்தையை நிற்கவைத்து ஓட்டியிருப்பேனா? மாட்டேன். கூரை இல்லாத உடனே எனக்கு அது வாகனமாகத் தெரியவில்லை, சப்பரமாகத் தெரிந்தது. திறந்த காரின் பெரிய ஆபத்து கூரை இல்லாதது அல்ல. அதில் ஏறியவர்கள் ஊர்வலம் போவதாக நினைத்துக்கொள்வதுதான். கல்யாண வீட்டு வாலிபர்கள் கதவின் மேல் உட்கார்ந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோவாய்தான் ஞாபகம் வரும்.

மறுநாளே மிஸ்திரியிடம் போய்ப் பின் இருக்கைகளுக்குப் பெல்ட் வைக்கச் சொன்னேன். பெல்ட் போடாதவர்களை ஏற்றுவதில்லை என்று ஒரு சட்டம் போட்டேன். அரசாங்கம் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் வைத்தது. எனக்கு அந்த அபராதம் பத்தாண்டு முன்பே விழுந்துவிட்டது.

தம்பிக்குச் சொல்வது

ஆகவே, தம்பி, என் முடிவு இது. வீட்டில் இருக்கப்போவது இந்த ஒரே கார்தான் என்றால் வாங்காதீர்கள். உங்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். 49 நாள் சந்தோஷத்துக்காக 316 நாள் குழந்தையை வெயிலிலும் புகையிலும் அழைத்துப்போகவேண்டாம். வேறொரு மூடிய கார் இருந்து, இதை நிறுத்த நிழலான, பூட்டிய இடமும் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் பின் இருக்கைகள் முன்னோக்கி இருக்கின்றனவா, எல்லா இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா, தலைக்கு மேல் வளைவு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பழைய வண்டி என்பதால் முதலில் பதிவுத் தேதியைப் பாருங்கள். தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இலும் அதையொட்டி உத்தரவுகள் வந்தன. வாங்குகிற அன்றைக்கு என்ன நிலை என்று போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவேண்டும். என் வண்டிக்குப் பதினைந்து நெருங்கியதால்தான், 2018 கோடையில் தடையில்லாச் சான்று வாங்கி, சிம்லா பக்கம் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவருக்கு விற்றேன். அந்த ஊருக்கு அது பொருத்தமான வண்டி.

இன்னும் ஆசை தீரவில்லை என்றால் ஒரு பரீட்சை சொல்கிறேன். விற்பவரிடம் கேட்டு ஜூன் மாதத்தில் ஒரு வாரம் அந்த வண்டியில் ஆபீஸ் போய் வாருங்கள். பிப்ரவரியில் யாருக்கும் பிடிக்கும். ஜூனுக்குப் பிறகும் பிடித்தால் அது உங்கள் வண்டி.

விற்கப்போகிறேன் என்று அன்று தஞ்சாவூருக்கு ஃபோன் செய்து சொன்னேன். மோவாயில் தழும்போடு கல்லூரி படித்துக்கொண்டிருந்த பையன், “ஐயோ, வித்துடாதீங்க மாமா!” என்றான். நோட்டில் கடைசிப் பதிவு அந்த வார்த்தைதான். வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று தெரியாமல் பக்கத்தின் நடுவில் எழுதிவைத்திருக்கிறேன்.