ஊட்டி உயரத்தில் பத்து மணி நேரம்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்துத் தெருக்கள் கடலில் போய் முடிகின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’க்களின் வீட்டுப் பிள்ளைகள் பாரிசுக்குப் போய்வருவது இங்கே பழங்கதை. மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய என் அத்தை முதலில் காட்டியது ஈஃபில் கோபுரப் படத்தை அல்ல, செருப்புக்குள் நுழையாத காலை. “மூச்சும் ஒரு மாதிரி முட்டிச்சுப்பா” என்றார்.

மூச்சு முட்டியதற்குக் காரணம் உண்டு. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு அல்ல. அதற்கு விமானத்தின் உடலை இன்னும் கனமாகக் கட்ட வேண்டும். 8,000 அடி மலையில் இருக்கும் அழுத்தம் வரை குறையலாம் என்பது விதி. ஊட்டியே ஏறத்தாழ 7,350 அடிதான். அங்கும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம். அழுத்தம் முக்கால் பங்காகிவிடுவதால் ரத்தத்தில் ஏறுவதுதான் குறைகிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அந்த விரல்நுனிக் கருவியில் 97 காட்டுபவருக்கு 92, 93 என்று இறங்கலாம். திடமான உடம்புக்கு இது தெரியவே தெரியாது. கடும் ரத்தசோகை, நுரையீரல் நோய், இதயக் கோளாறு உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

அத்தை கொண்டுபோன முறுக்குப் பாக்கெட் நடுவானில் அழுத்தம் குறைந்ததும் தலையணையாய் உப்பிவிட்டதாம். வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் உப்பும். இறங்கும்போது எல்லாம் தலைகீழ்: வெளி அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். எச்சில் விழுங்கினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து வலி விடும். சளி பிடித்திருந்தால் அது லேசில் திறக்காது.

அழுத்தமே ஏற்றாமல் கிளம்பினால்? 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் அதற்கான சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். பயணிகள் 166 பேர். முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிந்தது. முகமூடிகள் தொங்க, விமானம் மும்பைக்கே திரும்பியது. அந்த முகமூடியில் ஆக்ஸிஜன் கால் மணி நேரம் வந்தாலே அதிகம். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார் என்பது கணக்கு. 35,000 அடியில் முகமூடி இல்லாதவருக்கு ஒரு நிமிடத்துக்குள் புத்தி மழுங்கிவிடும். பிள்ளைக்கு மாட்டும் முன் உங்களுக்கு மாட்டுங்கள் என்பது அதனால்தான்.

அத்தையின் கால் வீக்கத்துக்கு ஆக்ஸிஜன் பொறுப்பில்லை. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலேறும். ஒரே இருக்கையில் பத்து மணி நேரம் கிடந்தால் நீர் இறங்கும். சிலருக்கு ரத்தம் உறைந்து கட்டியும் விழும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அத்தைக்கு இரண்டு காலும் வீங்கி, மறுநாளே வடிந்துவிட்டது. அடுத்த முறை ஜன்னலோரம் வேண்டாம், எழுந்து நடக்க வசதியாக வழியோரச் சீட்டுப் போடு என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.