பழைய படகும் விற்பனை வரியும்: அமெரிக்க ராஜ்யங்களின் அனுபவம்

விற்பனை வரி நமது மக்களுக்குப் புதிய விஷயம் அன்று. 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ராஜாஜி அவர்களின் மந்திரிசபை பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு நெடுங்காலம் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விகிதம் வகுத்து வசூலித்து வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தபின் இந்நிலை மாறிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ பழைய ஏற்பாடே இன்றும் நீடிக்கிறது. மத்திய சர்க்கார் அங்கே பொது விற்பனை வரி விதிப்பதில்லை. 50 ராஜ்யங்களில் 45 ராஜ்யங்கள் தத்தம் இஷ்டப்படி விதிக்கின்றன. அலாஸ்கா, டெலவேர், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகான் ஆகிய ஐந்தும் ராஜ்ய அளவில் இவ்வரியை விதிப்பதில்லை.

"அடுத்த ஊர்ச் சந்தையைவிட நாம் சுங்கத்தைக் குறைத்தால் மாடுகளெல்லாம் நம் சந்தைக்கு வந்துவிடுமே" என்ற பேச்சு பஞ்சாயத்துக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். இக்கேள்வியை ஆராய அமெரிக்கப் பழைய படகு மிகவும் ஏற்ற உதாரணம். வீட்டை நகர்த்த முடியாது. படகை ஓர் இரவில் அடுத்த ராஜ்யத்துத் துறைக்குக் கொண்டுபோய்விடலாம்.

படகு என்றவுடன் கோடீசுவரர்களின் உல்லாசக் கப்பலை மட்டும் எண்ணிவிடலாகாது. அந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படகுகள் பதிவாகியுள்ளன. அவற்றில் மிகப் பல, ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில் போடுவதற்காகச் சாதாரணக் குடும்பத்தினர் வைத்திருக்கும் சிறு படகுகள். பின்புறம் ஒரு மோட்டார் பொருத்தி, காரின் பின்னே டிரெய்லரில் இழுத்துச் செல்வார்கள். ஆகவே பழைய படகு வியாபாரம் ஏழை எளியவர்களையும் தொடுவதே.

பழைய படகுக்கும் வரியா என்று வாசகர்கள் வியக்கலாம். புதிதாக விற்றபோது ஒருமுறை வரி செலுத்தியாகிவிட்டது. எனினும் பெரும்பாலான ராஜ்யங்களில் அது கைமாறும் ஒவ்வொரு முறையும் வாங்கியவர் மீண்டும் செலுத்த வேண்டும். ஒரே மாடு நான்கு சந்தையில் நான்கு முறை விலைபோனால் நான்கு முறையும் சுங்கச் சீட்டுப் போடுவதை ஒத்தது இது. அண்டை வீட்டாரிடம் பழைய நாற்காலி வாங்கினால் வரி கேட்பார் இல்லை. ஆனால் கார், படகு, விமானம் ஆகியவற்றுக்கு அச்சலுகை கிடையாது என்று மாஸசூஸெட்ஸ் போன்ற ராஜ்யங்கள் விதி செய்திருக்கின்றன. காரணம் எளிது. நாற்காலி கைமாறியது சர்க்காருக்குத் தெரியாது. படகைப் புதிய உடைமையாளர் தம் பெயருக்குப் பதிவு செய்தே தீர வேண்டும். அந்த ஜன்னலிலேயே கிரயச் சீட்டைப் பார்த்து வரியை வாங்கிவிடுகிறார்கள்.

விகிதங்களின் வேற்றுமையைக் காண, 50,000 டாலருக்கு ஒருவர் பழைய படகு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இண்டியானாவில் வரி 7 சதவீதம், அதாவது 3,500 டாலர். டெக்ஸாஸில் 6.25 சதவீதம், 3,125 டாலர். மிச்சிகனில் 6 சதவீதப்படி 3,000 டாலர். மேரிலாந்தில் 5 சதவீதப்படி 2,500 டாலர். நியூ ஜெர்சி 2018 முதல் படகுக்கு மட்டும் பாதி விகிதமாக 3.3125 சதவீதமே வாங்குகிறது. கனெக்டிகட் அதே ஆண்டில் 2.99 சதவீதமாகக் குறைத்தது. வர்ஜீனியாவில் 2 சதவீதம், 1,000 டாலர். ரோட் ஐலண்டில் பொது விற்பனை வரி 7 சதவீதம்; ஆயினும் படகுக்கு ஒரு காசும் இல்லை.

இதனுடன் உச்ச வரம்பு என்ற ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். படகு எவ்வளவு விலையானாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரி வாங்குவதில்லை என்பதே அது. ஃப்ளாரிடா 2010 ஜூலை முதல் 18,000 டாலரை வரம்பாக வைத்திருக்கிறது. அங்கே ராஜ்ய விகிதம் 6 சதவீதமாதலால், மூன்று லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகு வாங்குவோருக்கே இச்சலுகையால் லாபம். ஐயாயிரம் டாலர்ப் படகு வாங்கும் தொழிலாளி முழு விகிதத்தையும் செலுத்துகிறார். இது நியாயம்தானா என்று கேட்காமல் இருக்க நம்மால் முடியவில்லை. தென் கரோலினாவில் வரம்பு 500 டாலர்தான். 5 சதவீத விகிதத்தில் 10,000 டாலர் விலையிலேயே அது எட்டிவிடும். ஆகையால் அங்கே நடுத்தரக் குடும்பத்தினரும் பயன் அடைகிறார்கள். வட கரோலினாவில் 3 சதவீதம், வரம்பு 1,500 டாலர். நியூ யார்க் வேறு வழியை மேற்கொண்டது. 2015 முதல் விலையில் முதல் 2,30,000 டாலருக்கு மட்டுமே அங்கு வரி.

ராஜ்யங்கள் இவ்வாறு விட்டுக்கொடுப்பானேன்? படகு நிற்கும் துறையில் தச்சர், வர்ணம் பூசுவோர், மோட்டார் மெக்கானிக்குகள், எண்ணெய் விற்போர் எனப் பலர் பிழைக்கிறார்கள். படகு அடுத்த ராஜ்யத்துக்குப் போனால் அவர்கள் வேலையும் கூடவே போகும். மத்திய சர்க்காரே ஒருமுறை இதில் கையைச் சுட்டுக்கொண்டது. 1991 முதல், ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட புதுப் படகுகளுக்கு, அந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 10 சதவீத ஆடம்பர வரி விதித்தது. செல்வர்கள் புதுப் படகு வாங்குவதை ஒத்திவைத்தார்கள். படகு கட்டும் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். 1993-இல் வரி ரத்தாயிற்று. ரோட் ஐலண்டு தன் படகு வரியை நீக்கியதும் அதே ஆண்டில்தான்.

அப்படியானால் எல்லாரும் டெலவேரில் வாங்கிவிட்டுத் தம் ஊருக்கு ஓட்டிவந்தால் போதாதா? போதாது. இதைத் தடுக்கவே 'உபயோக வரி' ஏற்பட்டது. பொருளை எங்கு வாங்கினாலும், எங்கு வைத்து உபயோகிக்கிறாரோ அந்த ராஜ்யத்துக்கு வரி செலுத்த வேண்டும். வாஷிங்டன் ராஜ்யம் 1935-இல் இம்முறையைக் கொணர்ந்தது. செல்லுமா என்ற வழக்கில், செல்லும் என்று 1937-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதாரணமாக, பென்ஸில்வேனியாவாசி ஒருவர் டெலவேரில் 50,000 டாலருக்குப் படகு வாங்குகிறார். அங்கே வரி இல்லை. சொந்த ராஜ்யத்தில் பதிவுக்குப் போகும்போது 6 சதவீதம், அதாவது 3,000 டாலர் கேட்கிறார்கள். வேறிடத்தில் ஏற்கெனவே 1,000 டாலர் வரி செலுத்தியிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதி 2,000 டாலரை வாங்குவார்கள். இரட்டை வரி வராதிருக்கவே இக்கழிவு. ஆனால் ரசீது இல்லாவிட்டால் கழிவும் இல்லை. புதுச்சேரியில் பதிவான கார் நம்மூர்ச் சாலையில் நிரந்தரமாக ஓடும்போது எழும் வழக்குகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பெரியவர்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்லர். 2010-இல் மாஸசூஸெட்ஸ் செனட்டர் ஜான் கெர்ரி அவர்களின், சுமார் 70 லட்சம் டாலர் பெறுமான புதுப் பாய்ப்படகு ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறையில் நிற்பதாகப் பத்திரிகைகள் எழுதின. சொந்த ராஜ்யத்தில் வரி ஏறத்தாழ 4,37,500 டாலர் ஆகும். பராமரிப்புக்காகவே அங்கு நிறுத்தியதாக அவர் தரப்பில் கூறினர். எனினும், கடன்பட்டிருப்பினும் இல்லாவிடினும், சுமார் 5 லட்சம் டாலரைச் செலுத்திவிடுவதாக அவர் அறிவித்தார்.

வாங்குவோர் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. ஓரளவு பெரிய படகுகளை ராஜ்யத்தில் பதிவதற்குப் பதிலாக, மத்திய சர்க்காரின் கடலோரக் காவற்படையிடம் ஆவணப் பதிவு செய்துகொள்ளலாம். இப்படிச் செய்தால் ராஜ்ய வரி இல்லை என்று தரகர் சிலர் சொல்லக்கூடும்; அது தவறு. படகு நிற்கும் துறையே வரியைத் தீர்மானிக்கிறது. ஆகவே விவரம் அறிந்தவர்கள் விலை பேசுமுன்பே, படகு எந்த ராஜ்யத்தில் நிற்கப்போகிறதோ அந்த ராஜ்யத்து வரி அலுவலகத்தை விசாரிக்கிறார்கள். மோட்டாருக்கும் டிரெய்லருக்கும் விலையைத் தனித்தனியே கிரயச் சீட்டில் எழுதி வாங்குகிறார்கள். சில ராஜ்யங்களில் படகுக்கு உள்ள சலுகை டிரெய்லருக்குக் கிடையாது. வரி கட்டிய ரசீதையும் பத்திரப்படுத்தி, படகை விற்கும் நாள்வரை வைத்திருக்கிறார்கள்.