வெயிலில் ஓட்டமும் குளிரில் ஓட்டமும்

தேகப்பயிற்சிகளுள் மிகப் பழமையானதும் மிக எளியதும் ஓட்டம். அதற்குக் கருவி வேண்டுவதில்லை, கட்டணம் வேண்டுவதில்லை, மொழி கூட வேண்டுவதில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு இதைவிட வசதியான பயிற்சி வேறில்லை. ஆயினும் ஊர் மாறும்பொழுது வானிலையும் மாறுகிறது. அம்மாற்றத்தை நம் உள்ளம் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டு விடுகிறது. உடலோ அவ்வளவு விரைவில் ஏற்பதில்லை. இவ்வுண்மையை மறந்தால் பயிற்சியே உயிருக்கு ஊறாகக் கூடும்.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில் கடுங்கோடையும் அரிது, கடுங்குளிரும் அரிது. இங்குப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் கண்ட 7.8 டிகிரி செல்சியஸ்; மிக உயர்ந்தது 2016 ஏப்ரலில் கண்ட 39.2 டிகிரி. ஆண்டின் பெரும்பகுதியும் இதமான காலை வேளைதான். கப்பன் பூங்காவிலும் லால்பாக்கிலும் அல்சூர் ஏரிக்கரையிலும் விடியலில் ஓடுவோர் பலர். இத்தகைய காற்றில் பழகிய உடல் வெயிலோடும் போராடியதில்லை, பனியோடும் போராடியதில்லை. ஆகவே வேற்றூருக்குச் செல்லும்பொழுது எச்சரிக்கை மிகுதியும் தேவைப்படுவது இவ்வுடலுக்கே.

ஓடும்பொழுது உடலில் நிகழ்வது யாது? நாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்கே அசைவாகிறது. எஞ்சிய முக்கால் பங்கும் வெப்பமாகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். அதில் 450 கிலோகலோரி வெப்பம். அவ்வளவு வெப்பமும் உள்ளேயே தங்கிவிடுமானால் உடலின் உஷ்ணம் ஒன்பது டிகிரி ஏறிவிடும். அந்நிலையில் எவரும் உயிர் தரிக்க இயலாது. நம்மைக் காப்பது வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்பொழுது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதாலேயே குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். அதனாலேதான் தில்லியின் வறண்ட 38 டிகிரியைக் காட்டிலும் சென்னையின் ஈரமான 34 டிகிரி ஓடுபவரை அதிகம் வருத்தக்கூடும். 2019 செப்டம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியின் மகளிர் மாரத்தான் ஓட்டம், வெயிலைத் தவிர்ப்பதற்காக நள்ளிரவில் தொடங்கியது. அவ்வேளையிலும் வெப்பம் 32 டிகிரியை ஒட்டியிருந்தது, ஈரமும் மிகுதி. புறப்பட்ட 68 வீராங்கனைகளுள் ஓட்டத்தை முடித்தவர் 40 பேரே. உலகின் தேர்ந்த வீராங்கனைகளுக்கே இந்நிலையென்றால் நம் போன்றோர் எம்மாத்திரம்!

பெங்களூரில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய 10 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. 2024-இல் அது ஏப்ரல் 28 அன்று நடந்தது; ஓட்டம் காலைப் பொழுதிலேயே முடிந்துவிட்டது. அதே நாள் பிற்பகலில் நகரின் வெப்பம் 38.5 டிகிரிக்கு ஏறியது. ஒரே ஊர், ஒரே நாள். ஆனால் ஓடத்தக்க வேளையும் தகாத வேளையும் சில மணி நேரத்தில் மாறிவிடுகின்றன.

உடலுக்கு வெயிலில் பழகிக்கொள்ளும் ஆற்றல் இல்லாமல் இல்லை. நாள்தோறும் சிறிது நேரம் வெப்பத்தில் உழைத்தால், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை விரைவிலேயே அரும்புகிறது. அதனோடு வெளியேறும் உப்பும் குறைகிறது. ஆனால் இவ்வாற்றலைச் சேமித்து வைக்க முடியாது. குளிர்ந்த ஊரில் சில வாரங்கள் தங்கினால் அது மெல்ல மறைந்துபோகும். மதுரையிலோ வேலூரிலோ பிறந்தவராயினும், ஆண்டு முழுவதும் பெங்களூரில் வாழ்ந்துவிட்டு மே மாதத்தில் சொந்த ஊர் செல்பவருக்கு வெயில் புதிதே. "இது நாம் பிறந்த மண்தானே, வெயில் நம்மை என்ன செய்யும்?" என்று எண்ணுதல் தவறு. பிறந்த மண்ணின் நினைவு நெஞ்சில் நிற்கும். வியர்வைச் சுரப்பிகளில் நிற்காது. முதல் வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் பாதியாகக் குறைத்து, கதிரவன் எழுமுன் ஓடி முடிப்பதே அறிவுடைமை. இவ்விஷயத்தில் விடுமுறைக்குச் செல்லும் இளைஞர்களைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அப்பொழுதே ஓட்டத்தை நிறுத்தி நிழலை நாட வேண்டும். பேச்சுக் குழறுதல், நடை தள்ளாடுதல், நினைவு தடுமாறுதல் ஆகியவை தோன்றினால் அது வெப்பவாதம். உடலின் உட்புற உஷ்ணம் 40 டிகிரியைக் கடந்திருக்கக்கூடும். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் வெப்பவாதம் அன்று என்று கருதிவிடலாகாது. அந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. 108-ஐ அழைக்கச் செய்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே உடலைக் குளிர்விக்க வேண்டும். குழாய் நீரோ கிணற்று நீரோ, கிடைத்ததைக் குடம் குடமாக ஊற்றலாம். ஈரத்துணி போர்த்தி விசிறலாம். நினைவு தெளியாதவர் வாயில் நீர் புகட்டுதல் கூடாது. நலமாக உள்ளவர்களும் தாகத்திற்கு ஏற்பப் பருகுதலே முறை. நெடுந்தூரம் ஓடுபவர் அளவின்றி வெறும் நீரையே குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வேறொரு கேடு விளையும். உப்பிட்ட நீர்மோர் நம் முன்னோர் அறிந்த நல்ல பானம்.

இனிக் குளிரைக் காண்போம். குளிரில் ஓடுபவருக்கு ஓர் அனுகூலம் உண்டு: ஓட்டமே அவருக்கு அடுப்பாகிறது. மாரத்தான் ஓட்டத்திற்கு ஏறத்தாழ 10 டிகிரி வெப்பநிலை மிக உகந்தது என்பது வல்லுநர் கருத்து. ஆயினும் குளிரோடு காற்றும் ஈரமும் கூடினால் நிலைமை தலைகீழாகிறது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 172 பேர் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஈடுபட்டிருந்தனர். திடீரென ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் தாக்கின. மெல்லிய உடையணிந்திருந்த வீரர்களுள் 21 பேர் உடல் விறைத்து மாண்டனர். நனைந்த ஆடையும் களைத்து நின்ற கால்களுமே குளிரில் பகையாகின்றன.

தில்லியிலோ சண்டிகரிலோ குடியேறிய நம்மவர் குளிர்காலத்தில் ஒரே கனத்த கம்பளியை அணிவதைவிட, மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்றை அடுக்கி அணிவது நலம்; உடல் சூடேறியதும் ஒன்றைக் களைந்துவிடலாம். உள்ளாடை பருத்தியாயின் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே ஒட்டிக்கொள்ளும். விரைவில் உலரும் துணியே ஏற்றது. தலையையும் கைகளையும் மூடுதல் வேண்டும். வீட்டினுள்ளேயே பத்து நிமிடம் உடலை அசைத்துவிட்டு வெளியே செல்வதும், ஓட்டம் முடிந்தவுடன் ஈர ஆடையை மாற்றுவதும் நல்ல வழக்கங்கள். குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். இருதய நோயுள்ளோர் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். வடநாட்டின் குளிர்கால விடியலில் பனியோடு புகையும் படிந்திருக்கும். அங்கே குளிரைவிடப் புகையே கொடிது. அத்தகைய நாட்களில் வீட்டினுள் பயிற்சி செய்வதே மேல்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். குளிரை ஆடையால் வெல்லலாம். கடைக்குச் சென்று அன்றே அதை வாங்கிவிடலாம். வெயிலை வெல்லுதற்குரிய கவசமோ எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. இரண்டு வாரப் பொறுமையால் உடலே அதை நெய்துகொள்ள வேண்டும். புதிய ஊருக்குச் சென்றால் அவ்வூர்ப் பேச்சையும் பழக்கத்தையும் சிறிது சிறிதாகக் கற்கிறோம் அல்லவா? அவ்வாறே அவ்வூர்க் காற்றைக் கற்றுக்கொள்ள உடலுக்கும் நாம் அவகாசம் அளிப்போமாக.