வீட்டு விவகாரத்தை எழுதலாமா?

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வழியில் வத்தலக்குண்டைப் பார்த்திருப்பார்கள். பஸ் நிற்கும், ஒரு வாய் காபி குடித்துவிட்டு மலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நாவல் எழுதுகிற எல்லோரையும் திணற அடிக்கும் ஒரு கேள்விக்கு, அந்த ஊரில் பிறந்த இளைஞர் ஒருவர் விடை கண்டார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

குடும்பத்தை எப்படிக் காட்டுவது? இதுதான் கேள்வி. இருக்க வேண்டிய விதமாகவா, இருக்கிற விதமாகவா? உள்ளபடி எழுதினால் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தை வாசற்படி மிதிக்கமாட்டாள். பூசி மெழுகி எழுதினாலோ, வாசகர் கொட்டாவி விடுவார்!

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை நீதி புகட்டுவதையே நோக்கமாகக் கொண்டார். அவருடைய ஞானாம்பாள் மனைவிமார்களுக்கெல்லாம் ஓர் இலட்சியம்.

வத்தலக்குண்டு பி. ஆர். ராஜமய்யர் பிடித்த வழி வேறு. 1872-இல் பிறந்த அவர், 1893-இல், வயது இருபத்தொன்றை ஒட்டியபோது, 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கினார். கதை நடக்கும் சிறுகுளம் கற்பனைக் கிராமம். ஆனால் அங்கே நடமாடுகிறவர்கள் மதுரைச் சீமையின் அசல் மனிதர்கள்.

அந்த இளைஞர் யாருடைய அன்பை எழுதினார்? கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் தம்பதிகளின் அன்பை! அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள்; ஊடல் கொள்வார்கள். பெற்றோருக்கும் ஒரு காதல் உண்டு என்று சொல்ல அந்தக் காலத்தில் துணிச்சல் வேண்டியிருந்தது.

அண்ணன் தம்பி பிரிவதற்கும் அவர் பெரிய காரணம் எதையும் தேடவில்லை. ஓரகத்தி பொன்னம்மாளின் பொறாமை போதுமானதாக இருந்தது. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் 'வம்பர் மகாசபை' மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வாசகருக்குச் சிரிப்பு வருகிறது. அதே வம்பு விஷமாகும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்றும் ஆசிரியர் கதைக்குப் பெயர் வைத்திருந்தார்.

இதில் மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. மனைவியின் மேல் சுமத்தப்பட்ட பொய்யைக் கொடியவன் நம்பியிருந்தால் அதில் அதிசயமில்லை. இங்கே நம்புகிறவரோ உயிருக்குயிராக நேசித்த நல்ல கணவர். வீட்டை விட்டே போய்விடுகிறார். நல்லவர்களும் தங்கள் வீட்டாருக்கே தீங்கு செய்துவிடக்கூடும் என்ற உண்மையை ஆசிரியர் மறைக்கவில்லை. அதற்காக அந்த மனிதரை வெறுக்கும்படியும் செய்யவில்லை.

கதையின் பின்பகுதி வேதாந்தத்தில் இறங்கிவிடுகிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ராஜமய்யரின் மனமே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. 1896-இல் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியரானார்; 1898-இல், இருபத்தாறாவது வயதில், காலமானார். அவர் எழுதி முடித்த நாவல் இது ஒன்றுதான்.

இன்று எழுத உட்காருகிறவருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. உறவினரின் குற்றத்தை எழுதலாம், தவறில்லை. அவர்மேல் வைத்த பிரியத்தையும் சேர்த்து எழுதவேண்டும். அப்படி எழுதினால் முகத்தைத் திருப்பிக்கொண்ட சித்தப்பாவும் ஒருநாள் புத்தகத்தைக் கையில் எடுப்பார்.