பெயர்ச்சீட்டில்லாத ஊசியிலை மரங்களை இனங்காணும் வகை

தேவதாரு என்னும் பெயர் ஒன்றே. அப்பெயரால் வழங்கப்படும் மரங்களோ பல. இமயமலைச் சாரலில் ஓங்கி வளரும் ஊசியிலை மரம் ஒன்றிற்கு அப்பெயர் உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட குறுங்காடுகளில் காணப்படும் செம்புளிச்சானுக்கும் தேவதாரம் என்ற பெயர் வழங்குகிறது. பின்னதன் இலை அகன்றது, பழம் சிவந்தது. இவ்விரண்டிற்கும் யாதொரு உறவுமில்லை. ஆகவே, வாய்வழிப் பெயரை மாத்திரம் நம்பி மரத்தை வாங்குவதும், கணக்கில் பதிவதும் தவறுக்கு இடமளிக்கும்.

உதகமண்டலத்தில் 1848-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு தாவரவியல் பூங்காவில் பைன், சைப்ரஸ், அரகேரியா முதலிய பல தேசத்து மரங்கள் வளர்க்கப்படுகின்றன. இத்தகைய தோட்டங்களில் நட்டவர் மறைந்து, சீட்டும் உதிர்ந்துபோனால், மரமே தன் பெயரைச் சொல்லவேண்டியதாகிறது. அது சொல்லும் குறிகள் சிலவே. அவற்றை வரிசையாகச் சோதித்தால் குழப்பம் நேராது.

சோதிக்கும் முறை

முதலில் ஊசிகள் கிளையில் அமைந்துள்ள விதத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் அடியில் ஒரே கட்டாகச் சேர்ந்திருப்பின், அது பைன். குட்டையான கணுக்களில் ஊசிகள் கொத்துக் கொத்தாக இருப்பின், அது இமயமலைத் தேவதாரு. இலைகள் செதில்போல் கிளையோடு ஒட்டியிருப்பின், அது சைப்ரஸாகவோ துஜாவாகவோ இருக்கலாம்.

ஊசிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கிளையில் பொருந்தியிருப்பின், பர் மரமா ஸ்ப்ரூஸ் மரமா என்று ஆராய வேண்டும். ஓர் ஊசியைப் பிடுங்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். பர் மரத்தில் ஊசி இருந்த இடத்தில் வட்டமான, சமமான தழும்பு நிற்கும், கிளையும் வழவழப்பாயிருக்கும். ஸ்ப்ரூஸில் சிறு முளை போன்ற மேடு எஞ்சுவதால் கிளை சொரசொரப்பாகும். பர் மரத்தின் கூம்புக்காய் நிமிர்ந்து நின்று, முற்றியபின் மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். ஸ்ப்ரூஸின் காய் தொங்கி, முழுதாக விழும். எனவே, மரத்தடியில் முழுக் காய்கள் கிடப்பின், அவை பர் மரத்தினுடையவையாய் இருப்பது அரிது.

இமயத்தில் வளரும் இரு பர் இனங்களுள், தாழ்ந்த உயரத்தில் வளரும் 'பிண்ட்ரோ' இனத்தின் ஊசி நீண்டது; இளங்கிளை உரோமமற்றது. அதற்கும் மேலே வளரும் 'ஸ்பெக்டாபிலிஸ்' இனத்தின் ஊசி பெரும்பாலும் குட்டை. அடிப்பக்கத்தில் வெண்கோடுகள் தெளிவாகத் தோன்றும். இளங்கிளையின் பள்ளங்களில் உரோமம் உண்டு.

ஊசியிலை மர வகுப்பைச் சேர்ந்தும் அகன்ற இலையுடைய மரம் ஒன்று தென்னாட்டு மேற்கு மலைகளில் இயற்கையாக வளர்கிறது. நிரம்பலி எனப்படும் அதன் இலையில் நடு நரம்பில்லை. பல நரம்புகள் இணையாக ஓடும். ஆகவே, இலையின் அகலத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது.

குளத்தூருக்கு இதனால் ஆவதென்ன?

குளத்தூர், கீரனூர், நார்த்தாமலைப் பக்கங்களின் வெப்பத்தில் பர் மரம் தழைக்காது. சமவெளியில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் அரகேரியாவேயாம். ஆனால் மேற்சொன்ன நோக்கும் பழக்கம், சவுக்குப் பயிரிடுவோருக்கு நேரடியான பயனைத் தரும்.

சவுக்கு ஊசியிலை மரமன்று. ஊசிபோல் தோன்றுபவை அதன் மெல்லிய பசுங்கிளைகளே. அவற்றைக் கணுவில் இழுத்துப் பிரித்தால், இலையாகிய சிறு பற்கள் வட்டமாய் நிற்கக் காணலாம். பூதக்கண்ணாடியால் எண்ணினால், கடற்கரை மணலுக்கேற்ற நாட்டுச் சவுக்கில் பொதுவாக 6 முதல் 8 பற்களும், உள்நாட்டு வறட்சியை நன்கு தாங்கும் ஜூங்குனியானா இனத்தில் 9 முதல் 11 பற்களும் இருக்கும். இவ்விரண்டும் கலந்த ஒட்டினங்களில் எண்ணிக்கை இடைப்பட்டு வரலாம். ஆகவே பல கணுக்களைப் பார்த்தல் நலம்.

நாற்றில் நேர்ந்த பிழை நட்ட அன்று தெரிவதில்லை. நிலமும் நீரும் கூலியும் சில ஆண்டுகள் செலவானபின், வெட்டும் காலத்தில்தான் தெரியும். மேலும், ஒரே இனத்தின் குளோன் நாற்றுக்களைக் கண்ணால் பிரித்தறிதல் இயலாது. அங்கே சீட்டும் இரசீதுமே சாட்சி.

செய்யத்தக்கவை

நாற்று வாங்கும்போது இனம், குளோன் எண், வாங்கிய இடம், தேதி ஆகியவற்றை இரசீதில் எழுதி வாங்குக. தோட்டத்தில் அலுமினியத் தகட்டில் பெயரைப் பொறித்து, மரம் பருத்தாலும் நெரிக்காதபடி தளர்வாகக் கட்டுக. தகடு தொலையக்கூடுமாதலால், வரிசை எண்களுடன் தோட்டப் படம் ஒன்றையும் வரைந்து வைக்க. அடங்கலில் மரங்களைப் பதியும் கிராம நிர்வாக அலுவலர்களும், ஐயமுள்ள இடத்தில் கிளையைப் பார்த்தபின் எழுதுவது, பிற்காலத்து வழக்குகளைத் தவிர்க்க உதவும்.

இவற்றாலும் தெளிவு பெறாவிடில், காயோடு கூடிய ஒரு சாண் கிளையைப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, மரத்தின் உயரம், பட்டையின் நிறம், வளருமிடம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் 1955-இல் ஏற்பட்ட இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில் உலர்தாவரத் தொகுப்பு உள்ளது. அத்தகைய தொகுப்போடு ஒப்பிடுவதே இறுதித் தீர்ப்பாகும். காயில்லாத வெறுங்கிளையைக் கொண்டு தீர்ப்பை எதிர்பார்த்தல் ஆகாது. காய் உதிருமுன் சேகரிப்பவனே மரத்தின் பெயரை அறிவான்.