சமூக ஊடகமும் சங்கத்தின் இணையதளமும்

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடத்தை நம் வட்டாரத்தில் விலக்கு என்று வழங்குகிறோம். இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே செல்லும் வெளியூரார், பெயர்ப்பலகை கண்ட பின்னரே வன்னியம்பட்டிக்கு வழி அறிவர். இணையதளத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் உள்ள தொடர்பும் இத்தகையதே. இணையதளம் ஊர் போன்றது. முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் முதலியவை மக்கள் திரளாகச் செல்லும் சாலை போன்றவை.

சங்கம் ஓர் இணையதளம் அமைத்துச் சேலையின் அளவு, நூல், விலை ஆகியவற்றை அதில் வெளியிடலாம். ஆயினும் சங்கத்தின் பெயரை முன்னரே அறிந்தவரே அதனைத் தேடி வருவர். அறியாதாரை அழைத்து வருவதே சமூக ஊடகத்தின் முதற்பயன். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக, 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2016இல் அப்போதைய ஜவுளி அமைச்சர் ஸ்மிருதி இரானி, கைத்தறி உடுத்திய தம் படத்தை டுவிட்டரில் வெளியிட்டு, பிறரும் அவ்வாறு செய்ய அழைத்தார். நாடெங்கும் பலர் தத்தம் படங்களை வெளியிட்டனர். உடுத்தியவரே விளம்பரம் செய்பவராயினர்.

செய்தி நாடுவோர்க்கும் இதனால் நன்மை உண்டு. 2012இல் மஞ்சள் விலை வீழ்ந்தபோது, மகாராஷ்டிரத்துச் சாங்லிப் பகுதி விவசாயிகள் முகநூல் வழியே பிற உற்பத்தியாளரோடு கலந்து பேசி, ஏலத்துக்குச் சரக்குக் கொண்டு செல்லாது நிறுத்தினர்; பின்னர் விலை உயர்ந்தது. தனித்து நின்ற விவசாயிகள் ஒன்றுபட அச்சாதனம் உதவிற்று. இது கூட்டுறவுத் தத்துவமே அன்றோ!

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, சாலை நமக்குச் சொந்தமன்று. ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்திருந்தோர் அவர்களோடு கொண்ட தொடர்பை இழந்தனர். ஆகவே விலைப்பட்டியல், படங்கள், முகவரி ஆகியவற்றைச் சங்கத்தின் இணையதளத்தில் நிலையாக வைத்தல் வேண்டும். சமூக ஊடகத்தில் சுருக்கமான அறிவிப்பும், இணையதளத்துக்கு வழிகாட்டும் இணைப்பும் போதும்.

இரண்டாவது, சாலையிற் கேட்ட பேச்செல்லாம் மெய்யாகாது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்போர் உளர். அதனால் வாங்குவோர் ஏமாறுவதோடு நம் நெசவாளரின் கூலியும் குறைகிறது. கைத்தறி முத்திரை 2006 முதல் வழக்கில் உள்ளது. அதனை நோக்கி வாங்குதல் நலம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரில் வேற்றூர்ச் சரக்கை விற்பதும் முறையன்று. வாட்ஸ்அப்பில் வரும் விலைச் செய்தியையும், 2016இல் தொடங்கப்பெற்ற மின்னணு தேசிய வேளாண் சந்தையின் தளத்தில் ஒப்பிட்ட பின்னரே நம்புதல் வேண்டும். முன்பணம் கேட்கும் விற்பனையாளராயின், அவர்தம் இணையதளமும் முகவரியும் உண்மையானவையா என்று முதலில் விசாரித்தல் நன்று.

அங்கத்தினர் இல்லங்களில் கைப்பேசி கையாளும் இளைஞர் பலர் உளர். சங்கத்தின் புதுச் சரக்கு வரும்போதெல்லாம் படமும் மெய்யான விலையும் வெளியிடும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம். கேட்பவர்க்கு அன்றன்றே மறுமொழி தருதல் இன்றியமையாதது. அச்சிறு முயற்சி தறிக்கும் வயலுக்கும் நல்ல விலையைத் தேடித் தரும்.