தலைமையாசிரியரின் மனச்சுமையை நாமும் பகிர்ந்துகொள்வோம்



பிள்ளைக்கு ஒரு குறை என்றால் நாம் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போகிறோம். அவருக்கு ஒரு மனக்கஷ்டம் என்றால் அவர் எங்கே போவார்? ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி ஆறுதல் அடைவார்கள். தலைமையாசிரியரோ அவர்களிடமும் மனம் விட்டுப் பேச முடியாது, அதிகாரிகளிடமும் முடியாது.

பாடம், தேர்வு முடிவு, ஆசிரியர் விடுப்பு, சத்துணவு, கட்டடப் பழுது, எமிஸ் தளத்தில் அன்றாடப் பதிவு என எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. ஆனால் பல விஷயங்களில் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையை 2022-23இல் மத்திய அரசு நிறுத்தியது. அதை நிறுத்தியவர் தலைமையாசிரியர் அல்ல. ஆனாலும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதிகாரம் இல்லாத பொறுப்புதான் மனிதரை அதிகம் களைப்படையச் செய்கிறது.

தூக்கமின்மை, சிறு விஷயத்துக்கும் கோபம், யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, வேலையை விட்டுவிடலாம் என்று அடிக்கடி சொல்வது ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். நம் வீட்டிலேயே ஒரு தலைமையாசிரியர் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது மூஸா நபி (அலை) அவர்கள், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்டார்கள். ஒரு நபியே துணை கேட்டிருக்க, நம்மில் ஒருவர் உதவி தேடுவது ஈமானின் பலவீனம் ஆகாது.

நாம் செய்யக்கூடியவை:

1. குறையை முதலில் நேரில், தனியாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு விளக்கம் கேட்காதீர்கள்.

2. இரவு நேரத்திலும் விடுமுறை நாளிலும் அவசரம் இல்லாமல் அழைக்காதீர்கள்.

3. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு அவரோடு சேர்ந்து நாமும் மனு கொடுக்கலாம்.

4. ஜமாஅத்தும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகளில், நிர்வாகிகள் ஆளுக்கொரு உத்தரவு போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். தாளாளர் ஒருவர் வழியாகவே சொல்லுங்கள். அவர் விடுப்பு கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

5. நல்லது நடந்தால் அதையும் போய்ச் சொல்லுங்கள். "என் பிள்ளை இப்போது தானாகவே படிக்கிறான், ஐயா" என்ற ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய பலம்.

சோர்வு பல வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தலைமையாசிரியர் மனம் தளர்ந்தால் அதன் பாதிப்பு நம் பிள்ளைகளின் வகுப்பறை வரை வரும். நம் துஆக்களில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். அல்லாஹ் அவர்களுக்கு மன நிம்மதியையும் உடல் நலத்தையும் தருவானாக. ஆமீன்.